மிலேயின் 'கதிர் பொறுக்கும் பெண்கள்': அம்மாவுக்காகக் கையால் வரைந்த நகல் வேண்டும், யோசனை சொல்லுங்கள்

கொருக்குப்பேட்டை மகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அறுப்பு முடிந்த வயலில் அக்காவோடு போய்ச் சிந்தின கதிர் பொறுக்கியிருக்கிறார். கல்யாணமாகிக் கொருக்குப்பேட்டைக்கு வந்தார். அப்பாவுக்குப் பெரம்பூர் பி அண்டு சி மில்லில் வேலை, 1996இல் மில்லை மூடும் வரை அங்கேதான். அதற்கப்புறம் அம்மா இட்லி சுட்டு விற்றுத்தான் எங்களைப் படிக்கவைத்தார். வயலைப் பற்றி எங்களிடம் பேசினதே இல்லை.

போன மாதம் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். காத்திருக்கும் இடத்தில் சுவரில் ஒரு படம். மூன்று பெண்கள், இரண்டு பேர் நன்றாகக் குனிந்து தரையிலிருந்து எதையோ எடுக்கிறார்கள், மூன்றாவது பெண் பாதி குனிந்து நிற்கிறாள். அம்மா எழுந்து போய் அதன் முன்னால் நின்றவர்தான், டோக்கன் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. "இது நானும் எங்க அக்காவும்டி" என்றார். மூணாவது யார் என்று கேட்டேன். "எங்க அம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினதில், அது ழான்-பிரான்சுவா மிலே என்ற பிரெஞ்சு ஓவியர் 1857இல் வரைந்தது, பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. புதிதாகக் கட்டின வீட்டு ஹாலில் மாட்ட, கையால் வரைந்த நகல் ஒன்று வாங்க வேண்டும். அச்சு வேண்டாம். ஏன் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த முதுகுகளை வரைந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

மூன்று வழி இருக்கிறது. இணையத்தில் 'முழுக்கக் கையால் வரைந்தது' என்று போட்டு 24க்கு 36 அங்குலத்தில் விற்கிறார்கள். வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் இதே படம் மரச்சட்டத்தோடு இருக்கிறது, ஆயில் பெயிண்டிங் என்று 4,500 ரூபாய் சொல்கிறார்கள். இல்லையென்றால் இங்கேயே ஓர் ஓவியரைப் பிடித்து வரையச் சொல்லலாம். கையால் வரைந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என்ன அளவு? எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம் அடிக்கும், கடல் காற்று வேறு, படம் தாங்குமா? அப்புறம் அண்ணன் ஒரு யோசனை சொல்கிறான். வரையச் சொல்வதென்றால் அந்தப் பெண்களுக்குச் சேலை கட்டிவிட்டு, கோதுமையை நெல்லாக மாற்றிவிடலாமே, அம்மாவுக்கு இன்னும் நெருக்கமாக இருக்குமே என்று. எனக்கு அது சரியா என்று தெரியவில்லை.

வியாசர்பாடி தூரிகை:

தங்கச்சி, நான் 22 வருஷம் சினிமா பேனர் வரைந்தவன். பிளெக்ஸ் வந்தபிறகு உருவப்படம், நகல் ஓவியம் என்று ஓடுகிறது. இந்தப் படத்தையே மூன்று முறை வரைந்திருக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கடைப் படம். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஒன்று கிடைத்தால் எடுத்துக்கொண்டு போ. கையால் பூசின இடத்தில் நிறம் நிறத்தோடு குழைந்திருக்கும். அச்சில் பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும். ஆனால் இப்போது கேன்வாஸ் துணியில் அச்சடித்துவிட்டு மேலே நிறமில்லாத பசையைப் பிரஷ்ஷால் இழுத்துவிடுகிறார்கள், தடவிப்பார்த்தால் மேடுபள்ளம் இருக்கும், ஏமாந்துவிடாதே. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார். நிஜமாக வரைந்திருந்தால் தூரிகைத் தடம் உருவத்தோடு ஓடும், முதுகு வளைகிற இடத்தில் தடமும் வளையும். பசை பூசினதில் தடம் ஒரு பக்கம் போகும், உருவம் இன்னொரு பக்கம் போகும். சட்டத்தின் ஓரத்தையும் பார். துணி மடிகிற இடத்தில் நிறம் கத்தியால் வெட்டினதுபோல் நேராக நின்றால் சந்தேகப்படு, வரைகிறவன் கை அங்கே கொஞ்சம் வழிந்திருக்கும். பழசாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நம்பக் கூடாது. ரவி வர்மா 1894இல் அச்சகம் ஆரம்பித்த காலத்திலேயே எண்ணெய் ஓவியம் மாதிரி தெரிகிற ஓலியோகிராப் அச்சுகள் இங்கே வீட்டுக்கு வீடு தொங்கின.

அளவு. மூலப்படம் சுமார் 84 செ.மீ. உயரம், 110 செ.மீ. அகலம். ஏறக்குறைய மூன்றுக்கு நான்கு. நீ சொல்கிற 24க்கு 36 இரண்டுக்கு மூன்று ஆகிவிடுகிறது. அந்தச் சட்டத்துக்குள் அடைக்க மேலே வானத்தையோ கீழே தரையையோ வெட்டியிருப்பார்கள், அல்லது பெண்களைப் பக்கவாட்டில் இழுத்திருப்பார்கள். இரண்டுமே இந்தப் படத்தைக் கெடுத்துவிடும். மிலே தொடுவானத்தை நன்றாக மேலே ஏற்றி வைத்திருக்கிறார். மூன்று பேரும் கிட்டத்தட்ட முழுக்க நிலத்துக்குள்ளேயே இருக்கிறார்கள், வானம் அவர்களுக்கு இல்லை. அந்த நிலத்தில் இரண்டு அங்குலம் போனால்கூடப் பாரம் குறைந்துவிடும். 27க்கு 36 அங்குலம் கேள். பாரிஸ் லூவரில் உட்கார்ந்து நகல் எடுக்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு, மூல அளவில் வரையக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகவோ சிறிதாகவோ இருக்க வேண்டும், மூல ஓவியரின் கையெழுத்தையும் போடக் கூடாது. நல்ல விதி. உன் ஓவியர் கீழே தன் பெயரைப் போட்டு 'மிலேயைப் பார்த்து' என்று எழுதட்டும். மிலே 1875இல் இறந்துவிட்டார், உரிமைப் பிரச்சினை எதுவும் கிடையாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நகல் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படத்தில் சறுக்குவது முதுகில்தான். இடது பக்கம் இருக்கிற இரண்டு பெண்களும் இடுப்பிலிருந்து மடிகிறார்கள், முதுகு தரைக்கு இணையாகப் பலகை மாதிரி நிற்கிறது. வயலைப் பார்க்காதவன் வரைந்தால் அதைக் கூன் ஆக்கிவிடுவான், தோளிலிருந்து வளைத்துக் கிழவி மாதிரி. கூன் வேறு, குனிவு வேறு. குனிகிறவளுக்கு நிமிர முடியும், நேரமில்லை. அடுத்தது முகம். மிலே முகங்களை நிழலிலும் தலைத்துணியிலும் மறைத்து வைத்திருக்கிறார், நகல்காரர்கள் அதைத் திருத்தி மூக்கும் முழியுமாக்குகிறார்கள். கையை மெல்லிசாக்குகிறார்கள். பின்னால் தூரத்தில் வைக்கோல் போர், கதிர் ஏற்றின வண்டி, அறுப்புக் கூட்டம், வலது கோடியில் குதிரையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறவன், இதெல்லாம் தூசியும் வெயிலும் கலந்து வெளிறித் தெரிய வேண்டும். அதைத் தங்கம் மாதிரி மினுக்கினால் கண் நேராக அங்கே போய்விடும், பெண்கள் வெறும் கறுப்பு மேடாகிவிடுவார்கள்.

அதனால் யாரிடம் கொடுத்தாலும் முன்பணம் கொடுக்கும் முன்னால் இடது பக்கப் பெண்ணை மட்டும் பென்சிலில் வரைந்து காட்டச் சொல். முதுகும் முழங்காலும் சரியாக வந்திருந்தால் மீதியை நம்பிக் கொடுக்கலாம். கட்டம் போட்டு வரைந்தால் தப்பில்லை, நாங்கள் 40 அடி முகத்தை அப்படித்தான் ஏற்றினோம். ஆனால் கட்டம் இடத்தைத்தான் காட்டும், பாரத்தைக் காட்டாது.

மீஞ்சூர் வரப்பு:

கதிர் பொறுக்குவது பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஆயா காலம் வரை அதுதான். சம்பா அறுப்பு தை, மாசியில் முடியும். கட்டெல்லாம் களத்துக்குப் போனபிறகுதான் வயலில் இறங்கவே விடுவார்கள். வரப்பில் குடையோடு ஒருத்தர் நிற்பார், அறுத்த கட்டிலிருந்து உருவுகிறார்களா என்று பார்க்க. அறுத்தபின் நிற்கிற அரிதாள் காலைக் குத்தும், செருப்பெல்லாம் ஏது. நெல் கோதுமை மாதிரி இல்லை, முற்றினால் உதிர்ந்துவிடும், அதனால் கதிரைத் தவிர வெடிப்பில் விழுந்த மணியையும் நகத்தால் கிண்டி எடுக்க வேண்டும். எலி வளையை வெட்டி எலி சேர்த்து வைத்த கதிரையும் எடுப்பார்கள். களத்தில் கடைசியாகப் பெருக்கி அள்ளுகிற மண் கலந்த நெல்லைப் புடைத்துக் கஞ்சி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம் இல்லை, அதனால்தான் உங்கள் அம்மா சொல்லவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் ஆயாவும் சொன்னதில்லை, அவர் தங்கைதான் ஒரு சாவு வீட்டில் சொன்னார்.

பிரான்சிலும் அதே கதைதான். அறுவடை முடிந்து, பொழுது சாய்வதற்குள் சிதறினதைப் பொறுக்கிக்கொள்ள ஏழைகளுக்கு அனுமதி. படத்தில் தூரத்தில் மலைபோலக் குவிந்திருக்கிறது, இவர்கள் கையில் ஒரு பிடி. 1848 புரட்சி முடிந்து ஒன்பதே வருஷத்தில் இதைப் பொதுக் கண்காட்சியில் வைத்ததும், வசதியான விமர்சகர்கள் பலருக்கு அந்த மூன்று பெண்களைப் பார்த்துக் கலக்கம் வந்துவிட்டது. வயலில் குனிந்திருக்கிற பெண்ணைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்? நிமிர்ந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான்.

உங்கள் அண்ணன் சொல்வது வேண்டாம் என்பேன். சேலையை மாற்றினால் அதோடு நிற்காது. குதிரைக்காரன் எங்கள் வயலில் இல்லை, குடைக்காரர்தான். வைக்கோல் போரின் உருவம் வேறு. கட்டு எங்களிடம் தலையில் போகும். தாள் நிறம் வேறு, வெயில் வேறு. எல்லாவற்றையும் மாற்றினால் அது வேறு படம். சேலையை மட்டும் மாற்றினால் பள்ளிக்கூட நாடகத்தில் வேஷம் கட்டின மாதிரி இருக்கும். உங்கள் அம்மா அந்தப் பிரெஞ்சுத் துணியைத் தாண்டித்தானே தன் அக்காவைக் கண்டுபிடித்தார்? அதை நாம் ஏன் திருத்த வேண்டும்?

ராயபுரத்துக்காரி:

வரப்பு அண்ணன் சொன்னதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. மாற்றி வரைவது தப்பே இல்லை. வான்கோ, செயின்ட் ரெமி மனநல விடுதியில் இருந்த 1889, 1890இல் மிலேயின் படங்களை வரிசையாக நகல் எடுத்தார். அவரிடம் இருந்தது கறுப்பு வெள்ளை அச்சுகள். நிறமெல்லாம் அவர் போட்டது. வைக்கோல் நிழலில் மத்தியானம் படுத்துத் தூங்குகிற இரண்டு பேர் படம், குழந்தை முதல் அடி வைக்கிற படம், இரண்டுமே மிலேயிடமிருந்து எடுத்ததுதான். அதை அவர் வெறும் நகல் என்று நினைக்கவில்லை, வேறொரு மொழிக்குப் பெயர்ப்பது போல என்று தம்பிக்கு எழுதினார். ஆகவே நெல் வயலாக வரைய ஆசையிருந்தால் வரையச் சொல்லுங்கள், ஆனால் அதைத் தனிப் படமாக, அம்மாவை உட்காரவைத்துக் கேட்டு, அவர் சொல்கிற வரப்பு, அவர் சொல்கிற குடைக்காரர் என்று முதலிலிருந்து வரையச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே துணியில் குழப்ப வேண்டாம்.

எங்கள் வீட்டில் இந்தக் காட்சிக்கு ரூத் என்றுதான் பேர். வேதாகமத்தில் ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்குவாள். நிலத்தை ஓரம் வரை ஒட்ட அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மிலே ரூத்தையும் போவாசையுமே நினைத்து, அறுப்புக்காரர்கள் இளைப்பாறுகிற ஒரு படம் வரைந்திருக்கிறார், அது பாஸ்டனில் இருக்கிறது. எங்கள் பாட்டி அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது 'பொறுக்கினாள்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் மேலே போவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. உங்கள் பதிவைப் படித்தபிறகுதான் கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது.

ஓதம் பற்றி. எங்கள் வீடு கடலிலிருந்து நடக்கிற தூரம், பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆயில் படத்துக்கு முன்னால் கண்ணாடி போட்டுக் கொடுத்தார் ஒரு பிரேம் கடைக்காரர், தூசி படாது என்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் அடைபட்டு, கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. ஆணி துருப்பிடித்து ஓரத்துணி இற்றுப்போய்விட்டது. என் அப்பா வாங்கின படம் அது.

அதனால் கண்ணாடி வேண்டாம். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், இரண்டு அறைக்கு நடுவே இருக்கிற சுவர்தான் காயும். படத்தின் பின்பக்கம் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் சுவரை ஒட்டாமல் நிற்கும், காற்று போகும். துணி அடிக்கும் ஆணி செம்பாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்க வேண்டும். சட்டம் பழைய தேக்கில் செய்யச் சொல்லுங்கள், பெட்டிப் பலகை முறுக்கிக்கொள்ளும். மூலைகளில் ஆப்பு வைத்த சட்டமாக இருந்தால் துணி தொய்யும்போது மெல்லத் தட்டி இறுக்கலாம். எண்ணூர் பக்கமிருந்து தூசி வரும், தெரியும், ஆனால் ஈரத்துணியால் மட்டும் துடைக்காதீர்கள். மெல்லிய காய்ந்த பிரஷ் போதும். உருளைக்கிழங்கால் தேய்த்தால் பளபளக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வியாசர்பாடி தூரிகை:

ராயபுரத்து அம்மா சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்க்கிறேன். எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, அதில் இருக்கிற ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத பதம் சில நாளிலோ வாரத்திலோ வந்துவிடும், ஆனால் உள்ளே காய ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் வார்னிஷ் போட்டால் பின்னால் வெடிக்கும். அவசரப்படுத்தாதே. மூன்றே நாளில் முடித்துத் தருகிறேன், வார்னிஷும் போட்டுத் தருகிறேன் என்கிறவரிடம் கொடுக்காதே. அவர் அக்ரிலிக்கில் வரைந்தாலும் தப்பில்லை, சீக்கிரம் காயும், நம் ஊர் ஈரத்துக்கும் தாங்கும். ஆனால் அதை ஆயில் என்று சொல்லி விற்கக் கூடாது.

வயல் குனிவைப் பார்க்காத பையன் கிடைத்தால் ஒரு காரியம் செய். மெரினா உழைப்பாளர் சிலையைப் போய்ப் பார்க்கச் சொல். எழும்பூர் ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்த ராய் சவுத்ரி செய்தது, 1959இல் வைத்தது. நான்கு ஆண்கள் பாறையைப் புரட்டுகிறார்கள். உடம்பில் பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று அங்கே தெரியும். அப்புறம் விடியற்காலையில் காசிமேட்டில் மீன் கூடையைத் தூக்கக் குனிகிற பெண்களைப் பார்க்கச் சொல். அதே இடுப்புதான்.

கொருக்குப்பேட்டை மகள்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடைப் படம் அச்சுதான். லென்ஸ் வைத்ததும் நடுப்பெண்ணின் சிவப்புத் தலைத்துணி முழுக்கப் புள்ளி. டார்ச் அடித்துப் பார்த்தேன், பசைத் தடம் மூன்று பேர் மேலும் ஒரே திசையில், மழை பெய்த மாதிரி. கடைக்காரரும் பார்த்தார். அவருக்கே தெரியாதாம், 'ஆயில்' என்று சொல்லித்தான் அவரிடமும் விற்றிருக்கிறார்கள்.

பெரம்பூரில் ஓவியக் கல்லூரியில் படித்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தோம். 27க்கு 36, தேக்குச் சட்டம், செம்பு ஆணி, எல்லாம் பேசியாகிவிட்டது. இடது பக்கப் பெண்ணைப் பென்சிலில் வரைந்து எடுத்துக்கொண்டு நேற்று வீட்டுக்கு வந்தாள். முதுகு எனக்குச் சரியாகத்தான் பட்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இந்தக் கை தப்பு" என்றார். படத்தில் அந்தப் பெண் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கதிர்க் கொத்தைப் பிடித்திருக்கிறாள் அல்லவா, இந்தப் பெண் அதை இடுப்பில் ஊன்றின மாதிரி, வலி தாங்காமல் பிடித்துக்கொண்ட மாதிரி வரைந்திருந்தாள். "வலிக்காக வைக்கல கண்ணு. முன்னால பிடிச்சா கதிர் தரையில உரசி உதிர்ந்துடும், பின்னால வச்சுக்கணும்" என்று சொல்லி, ஹாலில் எழுந்து நின்று, முழங்கால் வலியோடு குனிந்து, கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார். வேண்டாம்மா என்று எழுப்பப் போனேன். "இரு, அவ பார்த்துக்கட்டும்" என்றார்.

அந்தப் பெண் வேறு தாள் எடுத்து அங்கேயே வரைந்தாள்.

அண்ணனிடம் சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் வயலைத் தனியாக வரையலாம் என்று அவனே இப்போது சொல்கிறான், குடைக்காரர் பெயர்கூட அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. பெரிய படம் முடிய இரண்டு மாதமாகும், அதற்கப்புறம் வார்னிஷ் போட ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஹாலுக்கும் அம்மா அறைக்கும் நடுவே இருக்கிற சுவரில் ஆணி அடித்து வைத்துவிட்டேன்.

மீஞ்சூர் வரப்பு:

குடைக்காரர் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே உங்கள் பெரியம்மா பெயரையும்.